மைனஸ் அஞ்சு படி காப்பித்தூள்

நான் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்த காப்பித்தூள் கடையில் இப்போது கலவைக்கு ஒரு இயந்திரம் வந்திருக்கிறது. பொத்தானை அமுக்கினால் காப்பி ஒரு குழாயிலும் சிக்கரி ஒரு குழாயிலும் இறங்கி, பொட்டலத்துக்குள் ஒன்றாகிவிடுகிறது. போன வாரம் கோயிலில் காந்திமதி அம்மையைக் கும்பிட்டுவிட்டு வரும்போது கடைக்குள் தலையை நீட்டினேன். கல்லாவில் இருக்கிற செல்வி பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, முதலாளி வீட்டு ஆளுக எதையாவது சொதப்பிட்டா 'மைனஸ் அஞ்சு'ன்னு சொல்லிச் சிரிக்கோம்லா. நானும் ஆறு வருஷமாச் சொல்லுதேன். ஏன் சொல்லுதோம்னு மட்டும் தெரியல. யாரக் கேட்டாலும் சொடலமுத்து அண்ணாச்சியக் கேளுங்காங்க. எழுதித் தாங்க, நம்ம குரூப்புல போடுதேன்."

அதனால் எழுதுகிறேன். பேப்பரில் முதலில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். செல்வி டைப் அடிக்கும்போது அது விட்டுப்போனால் நீங்களாகப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். பத்தாவதில் கணக்கில் இருபத்தொரு மார்க் எடுத்துவிட்டு டவுனுக்கு வந்தேன். இரண்டு வருஷம் மூட்டை தூக்கினேன். ஐந்து வருஷம் வறுக்கிற உருளைக்குப் பக்கத்தில் நானும் சேர்ந்து வறுபட்டேன். எட்டாவது வருஷம் கலவை மேசை கிடைத்தது. ஒரு மரமேசை, ஒரு பித்தளைப் படி, ஒரு தராசு, நீளமான ஒரு அகப்பை. தலைக்கு மேலே காற்றாடி. எங்கள் கடையில் அந்தக் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தவன் ராஜா. என்னோடு வறுப்பில் இருந்த மாரியப்பன் அன்றைக்கு இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. மூன்றாவது வேளை, "ராசா, குடிக்கத் தண்ணி கொண்டாரட்டா?" என்று ஆரம்பித்தவன், ஓய்வு பெறும்வரை என்னை ராசா என்றுதான் கூப்பிட்டான்.

பெரிய முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். நெற்றி நிறைய விபூதி, மேலே ஒரு துண்டு. காப்பித்தூள் கடை வைத்திருந்தாரே தவிர, வாழ்நாளில் ஒரு மடக்குக் காப்பி குடித்ததில்லை. சுக்கு வெந்நீர்தான். யாராவது கேட்டால், "சாராயக்கடை வச்சிருக்கவன்லாம் குடிக்கானாலே?" என்பார். நாக்கை அவர் நம்புவதில்லை. எடையைத்தான் நம்புவார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, தராசுத் தட்டில் வைப்பார். தட்டு இறங்கும். கூடவே எங்களில் யாருடைய தலையோ இறங்கும். அதற்குப் பிறகு அவர் பேசுவது அவ்வளவும் சாதுவான பேச்சு. அதைக் கேட்பதற்கு இரண்டு அடி வாங்கிவிடலாம்.

எங்கள் கடையில் விற்பது எடையில், கலப்பது அளவில். பத்துப் படியில் எட்டுப் படி காப்பி, இரண்டு படி சிக்கரி என்றால் அது 'எட்டுக்கு ரெண்டு'. வீடுகளுக்குப் போவது. 'ஆறுக்கு நாலு' ஹோட்டல்களுக்கு. 'ஏழுக்கு மூணு' கல்யாணங்களுக்கும், நாக்கு நீளமான சில ஆட்களுக்கும். படி அளப்பதற்கு ஒரு முறை உண்டு. முழங்கை உயரத்திலிருந்து தூளைப் பைய விட வேண்டும். படியைத் தட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. மேலே நிற்கிற குவியலை அடிமட்டத்தால் ஒரே இழுப்பில் வழித்துவிட வேண்டும். "தட்டுனேன்னா படி பொய் சொல்லும்லே" என்பார் அண்ணாச்சி.

அப்படி அளந்தால் எங்கள் படிக்குச் சுத்தக் காப்பி ஐந்நூறு கிராம் நிற்கும். சிக்கரி எழுநூறு கிராம். சிக்கரி கனம். பத்தில் ஒரு பங்கு சிக்கரி கூடினால் படிக்கு இருபது கிராம் கூடும். எட்டுக்கு ரெண்டு ஐந்நூற்று நாற்பது. ஏழுக்கு மூணு ஐந்நூற்று அறுபது. ஆறுக்கு நாலு ஐந்நூற்று எண்பது. கந்த சஷ்டிக் கவசம் எனக்கு மனப்பாடமாவதற்கு முன்னாலேயே இது மனப்பாடம். ஒரு கலவையில் என்ன இருக்கிறது என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்தால் அள்ளி வாயில் போட மாட்டார். ஒரு படி அளந்து தராசில் வைப்பார். அவ்வளவுதான், குட்டு உடைந்துவிடும்.

என் குட்டு ஒருதரம் உடைந்தது. கோமதி டீச்சர் என்று ஒரு கணக்கு டீச்சர், மாதம் ஒரு கிலோ ஏழுக்கு மூணு வாங்குவார். ஒருநாள் அந்தக் கலவை தீர்ந்துபோயிருந்தது. எட்டுக்கு ரெண்டையும் ஆறுக்கு நாலையும் சரிபாதி கலந்தால் ஏழுக்கு மூணு வந்துவிடும், எனக்கே தெரியும். ஆனால் ஆறுக்கு நாலு கொஞ்சம்தான் இருந்தது. இரண்டு பங்குக்கு ஒரு பங்கு போட்டு, சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் பொட்டலம் திரும்பி வந்தது.

"இது ஏழுக்கு மூணு இல்ல, அண்ணாச்சி. சிக்கரி குறையுது" என்றார் டீச்சர்.

காப்பி கூடியிருக்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நான் முணுமுணுத்தேன். அண்ணாச்சி ஒரு படி அளந்தார். ஐந்நூற்று ஐம்பத்து மூன்று. ஏழு கிராம் குறைவு. கண்ணாடி தராசில் ஏறியது.

"லே சொடலை, கூடுனாலும் தப்பு தப்புதாம்லே. காந்திமதி அம்மைக்கு ஒரு காதுல பெரிய தோடும் ஒரு காதுல சின்னத் தோடும் போட்டா, பெருசு போட்டிருக்கோம்லான்னு சொல்லுவியா?"

அன்றிலிருந்து டீச்சரைக் கண்டாலே நான் தராசை ஒருதரம் துடைத்துக்கொள்வேன்.

இனி அந்த ஆயுத பூஜைக் கதை.

டீச்சரின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம். பதினைந்து கிலோ ஏழுக்கு மூணு வேண்டும், விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. கலவை மேசை என் கைக்கு வந்தபிறகு வந்த முதல் ஆயுத பூஜை அது. பக்தி எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எல்லா டின்னும் வெள்ளிபோல இருக்க வேண்டும் என்று தேய்த்தேன். எட்டுக்கு ரெண்டு டின்னை உள்ளேயும் கழுவலாம் என்று, அதில் மிச்சமிருந்த தூளை ஆறுக்கு நாலு டின்னில் கவிழ்த்துவிட்டேன். பிறகு எப்படிப் பிரிப்பது என்று நினைக்கவே இல்லை. எந்த டின்னில் எத்தனை படி கிடக்கிறது என்று வெளியே சாக்பீஸால் எழுதியிருக்கும். அதையும் ஈரத்துணியால் துடைத்து, அந்த இடத்தில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பார்க்க அவ்வளவு லட்சணம்!

சாயங்காலம் பூஜை. கற்பூரம் காட்டி முடித்ததும் அண்ணாச்சி கேட்டார்.

"கலவை டின்னெல்லாம் தனித்தனியா இருக்காலே?"

கையில் இன்னும் தீபத்தின் சூடு இருந்தது. "இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் உறைத்தது. சாமிக்கு முன்னால் பொய் சொல்லியிருக்கிறேன். தெரிந்தால் காற்றாடி போய்விடும், திரும்பவும் வறுப்பு உருளைதான். அதுகூடப் பரவாயில்லை. இனி நான் எதைச் சொன்னாலும் அந்த மனுஷன் படியை எடுத்து அளந்து பார்ப்பாரே! என் மனைவி, "என்ன, உருண்டுக்கிட்டே கெடக்கீய?" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். "தாயே, நான் சொன்ன பொய்யை நாளைக்குள் நிஜமாக்கிக் கொடுத்துவிடு" என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அம்மை அதற்கு முன்னால் கேட்டிருக்க மாட்டாள்.

விஜயதசமிக் காலையில் மாரியப்பனும் நானும் கடையைத் திறந்தோம். அண்ணாச்சி கோயிலிலிருந்து வர ஒரு மணி நேரம் ஆகும். வறுக்கிற உருளைக்கு மாலை போட்டிருந்தது. அன்றைக்கு அதைச் சுற்ற மாட்டோம். கடையில் சுத்தக் காப்பித்தூள் பன்னிரண்டு படிதான் இருந்தது. டீச்சருக்கான பதினைந்து கிலோவுக்கு அது காணாது. மிச்சத்துக்கு அந்தக் கலப்பட டின்னைத்தான் நம்ப வேண்டும்.

மூடியைத் திறந்தேன். மேலாகக் கொஞ்சம் கறுத்திருந்தது. சாம்பிராணிப் புகை இறங்கியிருக்கும் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு அகப்பையால் நன்றாகக் கிண்டிவிட்டேன். பிறகு ஒரு படி அளந்து நிறுத்தேன். ஐந்நூற்றுத் தொண்ணூறு.

என் கண்ணையே நம்பவில்லை. எட்டுக்கு ரெண்டு ஐந்நூற்று நாற்பது, ஆறுக்கு நாலு ஐந்நூற்று எண்பது. இரண்டையும் எப்படிக் கலந்தாலும் நடுவில் எங்காவதுதானே நிற்க வேண்டும்? எண்பதைத் தாண்டி எப்படிப் போகும்? மூன்று தரம் நிறுத்தேன். தராசைத் துடைத்தேன். சுத்தக் காப்பியை நிறுத்துப் பார்த்தேன், அது ஒழுங்காக ஐந்நூறில் நின்றது.

"என்ன சுடலை, படியப் பாத்து மந்திரமா சொல்லுதீங்க?"

திரும்பினால் கோமதி டீச்சர். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார்.  எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டீச்சர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "நிச்சயதார்த்தத்துல காப்பி தண்ணியா இருந்துன்னு சம்பந்தியம்மா எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க. கல்யாணத்துல அந்தப் பேச்சு எனக்கு வரக் கூடாது. மொத்தம் எத்தனை படி கிடக்கு, அதை அளங்க முதல்ல" என்றார்.

அளந்தேன். சரியாக இருபது படி. டீச்சர் பொட்டலம் கட்டுகிற காகிதம் ஒன்றை இழுத்து எழுதினார்.

"எட்டுக்கு ரெண்டு x படி. ஆறுக்கு நாலு y படி. சேர்ந்தா இருபது."

அந்த இரண்டு எழுத்தையும் பார்த்ததும் எனக்குப் பத்தாவது பரீட்சையில் வேர்த்த அதே வேர்வை வந்துவிட்டது.

x + y = 20

"ஒரு படி ஐந்நூத்தித் தொண்ணூறுன்னா, இருபது படி பதினோராயிரத்து எண்ணூறு கிராம்."

540x + 580y = 11800

"முதல் வரிய ஐந்நூத்தி நாப்பதால பெருக்கி, ரெண்டாவதுல இருந்து கழிக்கேன். நாப்பது y, ஆயிரம். அப்ப y..." டீச்சரின் பேனா நின்றது. "இருபத்தஞ்சா?"

"இருபது படி டின்னுக்குள்ள இருபத்தஞ்சு படி ஆறுக்கு நாலா?" என்றேன்.

"அப்ப x, மைனஸ் அஞ்சு."

அதற்குள் மாரியப்பன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "மைனஸ் அஞ்சு படின்னா என்ன டீச்சர்?"

"அஞ்சு படி இல்லைன்னு அர்த்தம்."

"எங்க ராசா ஆளு எப்படின்னு பாத்தீங்களா? இருக்க தூளையே கலக்கத் தெரியாது, இல்லாத தூள அஞ்சு படி கலந்து வச்சிருக்கான்!"

"போலே அங்கிட்டு" என்றேன். ஆனால் உள்ளுக்குள் சாமி குத்தம் என்றே நினைத்தேன்.

டீச்சர் காகிதத்தை முறைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பைய நிமிர்ந்தார். "ரெண்டு பேருதான் வீட்டுக்குள்ள இருக்காங்கன்னு நீங்க சொன்னீங்க. நம்பி எழுதுனேன். அப்படி எழுதுனா இப்படித்தான் வரும். மூணாவதா ஒருத்தர் உள்ள ஒளிஞ்சிருக்காரு, சுடலை. எண்பதையும் தாண்டுதுன்னா சிக்கரிதான். தனிச் சிக்கரி யார் போட்டது?"

"சத்தியமா நான் போடல டீச்சர்."

"போட்டது எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் மிச்சத்தக் கண்டுபிடிக்க முடியும்."

அப்போது மாரியப்பன் தாடையைச் சொறிந்தான். "ஏ ராசா, நேத்து சுண்டல் உனக்குக் கசந்துதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கசந்தது! கொண்டைக்கடலை பழுப்பாகவும் இருந்தது. பிரசாதத்தைக் குறை சொல்லக் கூடாது என்று மூன்று கை வாங்கி, கண்ணை மூடி விழுங்கியிருந்தேன்.

"நானும் முழுங்குனேன்" என்றான் மாரியப்பன். "சாமி சோதிக்குதுன்னுல்லா நெனச்சேன்."

"சுண்டல் எதுல இருந்துது?" என்றார் டீச்சர்.

சாமி படத்துக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். பொரியும் பழமும் சூழ, ஓரத்தில் இருந்தது எங்கள் சின்னச் சிக்கரி டின். நாலு படி பிடிக்கும். பூஜைக்கு முந்தின நாள்தான் அதைத் தலைதட்டி நிரப்பி வைத்தேன். இப்போது அதன் அடியில் நாலு கொண்டைக்கடலை கிடந்தது.

டீச்சர் மளமளவென்று எழுதினார். நாலு படி சிக்கரி, இரண்டாயிரத்து எண்ணூறு கிராம். அதைக் கழித்தால் மிச்சம் பதினாறு படி, ஒன்பதாயிரம் கிராம். "நாப்பது y, முந்நூத்தி அறுபது. y ஒன்பது, x ஏழு. இப்பப் பாருங்க, எல்லாரும் ஒழுங்கா வரிசையில நிக்காங்க. இனிமே சிக்கரி மொத்தம் எவ்வளவுன்னு..."

"ஒன்பது படி டீச்சர்" என்றேன். "ஐந்நூறுக்கு மேல தொண்ணூறு நிக்கி. இருபதுக்கு ஒரு பங்கு, அப்ப பத்துக்கு நாலரை, இருபதுக்கு ஒன்பது. மூணு பங்கு ஒன்பதுன்னா ஏழு பங்கு இருபத்தொண்ணு. காப்பி உள்ள பதினொண்ணு இருக்கு. இன்னும் பத்துப் படி காப்பி போட்டா முப்பது படி ஏழுக்கு மூணு."

டீச்சர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப இந்த x, y ஒண்ணுமே வேண்டாமே! எதுக்கு என்னை இவ்வளவு நேரம் எழுத வச்சீங்க?"

"நீங்க எழுதலன்னா, வெளக்கு வச்ச டின்னுக்குள்ள பேய் புகுந்துட்டுன்னு நான் மந்திரிக்கப் போயிருப்பேன் டீச்சர்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அண்ணாச்சி உள்ளே வந்தார். மாரியப்பன் மாலை போட்ட உருளைக்குப் பின்னால் போய்விட்டான்.

அண்ணாச்சி எங்கள் இருவருக்கும் விபூதி கொடுத்தார். காகிதத்தைக் குனிந்து வாசித்தார்.

"இதென்னலே, மைனஸ் அஞ்சு?"

வாங்கிய விபூதி கையில் இருந்தது. மறுபடியும் பொய் வரவில்லை. "நேத்து நீங்க கேட்டப்ப டின்னெல்லாம் தனித்தனியா இருக்குன்னு சொன்னேன், அண்ணாச்சி. இல்ல. ரெண்டையும் ஒண்ணா ஊத்திட்டேன்" என்று சொன்னேன். இருபது படி, ஐந்நூற்றுத் தொண்ணூறு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி. அந்த நாலு படி சிக்கரி?"

டின்னைச் சுண்டலுக்கு எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். பூஜைச் சாமான் எடுத்து வைத்தது அண்ணாச்சியும் நானும்தான். நான் எடுக்கவில்லை. எதிரில் நிற்கிற மனுஷரோ காப்பிக்கும் சிக்கரிக்கும் நிற வித்தியாசம்கூடத் தெரியாதவர். டீச்சர் முன்னால் அதை எப்படிச் சொல்வது?

"அதுவும் நாந்தான் அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மடக்கினார். தராசுத் தட்டில் வைத்தார். தட்டு இறங்கியது. என் காற்றாடி போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது எனக்கு" என்றார்.

கண்ணைத் திறந்தேன்.

"சுண்டல் போட்டு வைக்க ஏனம் ஒண்ணும் காங்கலன்னு அந்த டின்ன எடுத்து பெரிய டின்னுல கவுத்தது நானுல்லா. எல்லாம் ஒண்ணுபோலத் தூளாத்தான இருக்குன்னு நெனச்சேன். நீ எப்பலே போட்ட? நேத்து ஒரு பொய்யி, அத ஒத்துக்கிட்ட சூட்டோட இன்னிக்கு ஒரு பொய்யி." டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, ரெண்டு மைனஸச் சேத்தா பிளஸ்சுன்னு சொல்லுவாவளே, இவன் அந்தக் கணக்குப் போடுதான் போல."

"அது பெருக்கும்போதுதான் அண்ணாச்சி" என்றார் டீச்சர். "சேர்த்தா இன்னும் பெரிய மைனஸ்தான் வரும்."

"கேட்டுக்கோ" என்றார் அண்ணாச்சி என்னிடம். "இனிமே தொறந்து பாக்காம 'இருக்கு'ன்னு சொல்லக் கூடாது. எங்கிட்டயும் சரி, சாமிகிட்டயும் சரி. போய்க் கல."

"அப்ப உங்களுக்கு என்ன தண்டனை அண்ணாச்சி?" உருளைக்குப் பின்னாலிருந்து மாரியப்பன் குரல் வந்தது. அந்தத் தைரியம் அவனுக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது.

அண்ணாச்சி உருளைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நியாயந்தான். எனக்கு டீச்சரம்மா சொல்லட்டும்."

டீச்சர் யோசிக்கவே இல்லை. "கல்யாணத்துக்கு வந்து, இந்தத் தூள்ல போட்ட காப்பி ஒரு டம்ளர் குடிக்கணும். முழுசா."

பத்துப் படி காப்பியை முழங்கை உயரத்திலிருந்து விட்டேன். அகப்பையால் நூற்றெட்டுத் தரம் கிண்டினேன். எண்ணிக்கை வேலைக்காக இல்லை, வேண்டுதலுக்காக. பிறகு ஒரு படி அளந்து, அண்ணாச்சியின் கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, படியைத் தட்டில் வைத்தேன். ஐந்நூற்று அறுபது. முள் அசையவில்லை. அம்மை பொய்யை நிஜமாக்கித் தரவில்லை, தூளை மட்டும்தான் சரியாக்கித் தந்தாள். அதுவே எனக்கு ஜாஸ்தி. அன்றிலிருந்துதான் முதலாளி சொதப்பினால் அதற்கு மாரியப்பன் வைத்த பேர் 'மைனஸ் அஞ்சு'.

அம்பாசமுத்திரத்துக்காரர்கள் கல்யாணத்தில் காப்பியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். சம்பந்தியம்மா, "தூளு எங்க வாங்குனீங்க?" என்று கேட்டதை டீச்சர் என் காதில் விழும்படி இரண்டு தரம் திருப்பிச் சொன்னார்.

அண்ணாச்சி வந்தார். பந்திக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீச்சரே டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார். மாரியப்பனும் நானும் பக்கத்தில் நின்றோம். அவர் காந்திமதி அம்மையை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளைபோல ஒரே மூச்சில் குடித்து முடித்தார். டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் குனிந்தேன்.

"ஏலே சொடலை" என்றார் ரகசியமாக. "இந்தக் கசப்பக் குடிக்கவா லே, இத்தன வருசமா ஊரே நம்ம கடை வாசல்ல வந்து நிக்கி?"